குடும்ப மசாலா ஆலையை ஏஸ் சந்தைக்குக் கொண்டு செல்வது: நாளைக் காலை எதைத் தொடங்க வேண்டும்?

ஆலைக்காரர் மகள் (சிம்பாங் அம்பாட், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். மசாலாத் தூளும் உடனடிச் சமையல் கலவைகளும் தயாரிக்கும் குடும்ப நிறுவனம் எங்களுடையது. அப்பா 1988-இல் பட்டர்வொர்த்தில் ஒரே ஓர் அரவை இயந்திரத்தோடு தொடங்கினார். சித்தப்பா லாரி ஓட்டிச் சரக்கு போட்டார். இன்று எங்களிடம் 140 பேர் வேலை செய்கிறார்கள். பங்குகள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சரிபாதி. விற்றுமுதல் அறுபது மில்லியன் ரிங்கிட்டை நெருங்குகிறது. கடந்த நிதியாண்டில் வரிக்குப் பிந்தைய இலாபம் ஐந்து மில்லியனைத் தாண்டியது.

சென்ற மாதம் கோலாலம்பூரிலிருந்து ஒரு முதலீட்டு வங்கியின் அதிகாரிகள் இருவர் வந்து, "பதினெட்டு மாதத்தில் உங்களை ஏஸ் சந்தையில் ஏற்றிவிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதாவது மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில், வளரும் நிறுவனங்களுக்கான பிரிவில் எங்கள் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பது. அப்பாவுக்கு அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை. சித்தப்பா மட்டும், "வீட்டுக் கணக்கை ஊருக்கு எதற்குக் காட்ட வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டார், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கணக்குப் பிரிவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வங்கி கொடுத்த கால அட்டவணையில் நிறம் நிறமாகக் கட்டங்கள் இருக்கின்றன. எந்த மாதத்தில் எந்த ஆலோசகர் வருவார் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. நாளைக் காலை ஆலைக்குப் போனதும் நான் எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை. இந்த வழியில் போய்வந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய தணிக்கையாளர் (ஜார்ஜ்டவுன்)

சகோதரிக்கு வணக்கம். பதினெட்டு மாதம் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. அது அவர்களுடைய வேலைக்கு ஆகும் காலம். உங்களுடைய வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கும் என்று எண்ணிப் போட்ட கணக்கு அது.

முதலில் எந்தச் சந்தை என்பதைப் பார்ப்போம். புர்சா மலேசியாவின் மெயின் மார்க்கெட்டுக்கு (பெரிய நிறுவனங்களுக்கான முதன்மைச் சந்தை) இலாப அளவுகோல் வழியாகப் போக வேண்டுமென்றால், மூன்று முதல் ஐந்து நிதியாண்டுகளில் வரிக்குப் பிந்தைய இலாபம் மொத்தம் 20 மில்லியன் ரிங்கிட்டும், கடைசி ஆண்டில் மட்டும் 6 மில்லியனும் இருக்க வேண்டும். உங்களுக்கு அது இன்னும் எட்டாக் கனி. 2009 ஆகஸ்டில் பழைய மெஸ்டாக் சந்தையை மாற்றியமைத்து உருவாக்கிய ஏஸ் சந்தையில் குறைந்தபட்ச இலாபம் என்று ஒன்று கிடையாது. அதற்குப் பதிலாக, உங்கள் தகுதிக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் ஒருவர் வேண்டும். பட்டியலிட்ட பிறகும், அதாவது உங்கள் பங்குகள் சந்தையில் ஏறிய பிறகும், அவர் குறைந்தது மூன்று நிதியாண்டுகள் உங்களோடு இருக்க வேண்டும். 2017-இல் வந்த லீப் சந்தை என்ற ஒன்றும் உண்டு. அதில் தகுதிபெற்ற பெரிய முதலீட்டாளர்கள் மட்டுமே வாங்கலாம் என்பதால் உங்கள் அப்பா கனவு காணும் பட்டியல் நாள் மணியோசை அங்கே அவ்வளவு பலமாகக் கேட்காது.

இப்போது காலத்துக்கு வருகிறேன். புரோஸ்பெக்டஸில், அதாவது பங்கு வாங்குவோருக்காக வெளியிடும் விளக்க அறிக்கையில், மூன்று நிதியாண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் இடம்பெறும். அதோடு, அது வெளியாகும் நாளில் கடைசித் தணிக்கைக் கணக்கு ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஆகவே பதினெட்டு மாதத்தில் பட்டியல் என்றால், அந்த மூன்று ஆண்டுகளில் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே வாழ்ந்து முடித்துவிட்டீர்கள். எந்த நினைப்பும் இல்லாமல் அன்று எழுதிய வவுச்சர்களும், யாரும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்ட இருப்புக் கணக்கும் இனி பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செக்யூரிட்டீஸ் கமிஷனும் புர்சாவும் படிக்கப் போகும் ஆவணங்கள்.

நாளைக் காலை திறக்க வேண்டிய கோப்பு எது என்று கேட்டீர்கள். உங்கள் தணிக்கை நிறுவனத்தின் நியமனக் கடிதத்தைத் திறந்து பாருங்கள். பட்டியலிட்ட நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்பவர்கள் 2010-இல் தொடங்கப்பட்ட தணிக்கை மேற்பார்வை வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இருபது வருடமாக உங்கள் கணக்கைப் பார்க்கும், தீபாவளிக்கு முறுக்கு அனுப்பும் நண்பர் அதில் பதிவு பெறாதவராக இருந்தால், நன்றி சொல்லி மாற்றுவதைத் தவிர வழியில்லை. புதிதாக வருபவர் முந்தைய ஆண்டின் இருப்பை நேரில் பார்க்கவில்லை என்பதால் அந்த எண்ணிக்கைக்குச் சான்று தரத் தயங்குவார். மாற்றத்தை ஓராண்டு தள்ளிப்போட்டால் மூன்றாண்டுக் கணக்கில் ஓராண்டு வீணாகும் என்பது இதனால்தான்.

மசாலா ஆலை என்பதால் இருப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தில் ஆண்டு முடிவில் கிடங்குக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். குண்டூர் மிளகாய்ச் சாக்குகளின் எண்ணிக்கை ஏட்டோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் பெருமையோடு நின்றார். நான் இருபது சாக்குகளைத் தராசில் ஏற்றச் சொன்னேன். ஏட்டில் எல்லாம் இறக்குமதியானபோது இருந்த எடை. தராசில் ஒவ்வொன்றும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைவு. களவு ஒன்றும் இல்லை, மிளகாய் ஈரம் இழந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறைவை எந்த மாதத்திலும் யாரும் செலவாக எழுதவில்லை. சில வருடக் குறைவு மொத்தமாக ஒரே ஆண்டின் இலாபத்தைத் தின்றது. குடும்ப நிறுவனத்தில் அது ஒரு வருத்தத்தோடு போய்விடும். புரோஸ்பெக்டஸில் முந்தைய ஆண்டுகளின் கணக்கையே திருத்தி எழுத வேண்டிவரும்.

இன்னொன்று கணக்கியல் தரம். தனியார் நிறுவனம் என்பதால் நீங்கள் தனியார் நிறுவனங்களுக்கான எளிய தரமான எம்பிஇஆர்எஸ் முறையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கலாம். பட்டியலிட்ட நிறுவனம் மலேசிய நிதி அறிக்கைத் தரங்களான முழு எம்எஃப்ஆர்எஸ் முறைக்கு மாற வேண்டும். எம்எஃப்ஆர்எஸ் 9-இன்படி, மளிகைக் கடைகளிடமிருந்து வரவேண்டிய பாக்கிக்கு, பாக்கி வராமல் போன பிறகு ஒதுக்கீடு செய்தால் போதாது. வராமல் போகக்கூடிய அளவை இன்றே கணித்து ஒதுக்க வேண்டும். "அவர் எப்படியும் தைப்பூசத்துக்குப் பிறகு தந்துவிடுவார்" என்பது கணிப்பு முறை ஆகாது. எம்எஃப்ஆர்எஸ் 16-இன்படி வாடகைக் கட்டடங்களும் இருப்புநிலைக் குறிப்பில் ஏறிக்கொள்ளும். இந்த இரண்டிலும் உங்கள் ஐந்து மில்லியன் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்த பிறகு வங்கிக்காரர்களிடம் பேசுங்கள்.

செயலாளர் அம்மா (பெட்டாலிங் ஜெயா)

தணிக்கையாளர் ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். என் பக்கத்து வேலையையும் சொல்லிவிடுகிறேன்.

செண்டிரியான் பெர்ஹாட், அதாவது உங்களுடையது போன்ற தனியார் வரம்பு நிறுவனம், பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாது. அதன் உறுப்பினர்கள் ஐம்பது பேரைத் தாண்டக் கூடாது. 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி அதைப் பொது நிறுவனமாக மாற்றலாம் என்றாலும், பெரும்பாலும் யாரும் ஆலை நிறுவனத்தை அப்படி மாற்றுவதில்லை. புதிதாக ஒரு தாய் நிறுவனத்தைத் தொடங்கி, அது இருக்கிற நிறுவனங்களின் பங்குகளை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக உங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தன் பங்குகளைக் கொடுக்கும். பட்டியலுக்குப் போவது அந்தத் தாய் நிறுவனம். உங்கள் குடும்பம் பங்குகளை நேரடியாகப் பெயரில் வைத்திருக்கிறதா, வேறொரு குடும்ப நிறுவனத்தின் வழியாக வைத்திருக்கிறதா என்பது இங்கே முக்கியம். பட்டியலிடாத பங்குகளை நிறுவனங்கள் விற்றால் 2024 மார்ச் முதல் மூலதன ஆதாய வரி உண்டு, தனிநபருக்கு இல்லை. பங்கு மாற்றும் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

இயக்குநர் குழு அடுத்தது. குறைந்தது இரண்டு பேர் அல்லது மூன்றில் ஒரு பங்கு, இதில் எது அதிகமோ அத்தனை பேர் குடும்பத்தோடும் நிர்வாகத்தோடும் தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும். தணிக்கைக் குழுவில் குறைந்தது மூவர் வேண்டும். நிர்வாக இயக்குநர் யாரும் அதில் இருக்கக் கூடாது, பெரும்பான்மையினர் சுயேச்சையாளர்களாக இருக்க வேண்டும், ஒருவராவது கணக்காளராக இருக்க வேண்டும். 2023 ஜூன் முதல் பட்டியலிட்ட எல்லா நிறுவனங்களிலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள், அந்தக் கவலை தீர்ந்தது என்று அப்பா சொல்வார். ஆனால் உங்களைச் சுயேச்சை இயக்குநராகக் காட்ட முடியாது என்பதை இப்போதே சொல்லி வையுங்கள். அப்பாவின் பள்ளித் தோழரையும் அந்த நாற்காலிக்கு முன்மொழிவார். எல்லா அப்பாக்களும் முன்மொழிகிறார்கள்.

ஒரு கேள்வி. ஆலை நிற்கும் நிலம், பொட்டலத்தின் மேல் இருக்கும் வணிகச் சின்னம், ஹலால் சான்றிதழ், ஊராட்சி மன்ற உரிமம் ஆகியவை யார் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்து எழுதுங்கள்.

ஆலைக்காரர் மகள்

அம்மா, இரண்டு நாள் பெட்டிகளைக் கிளறினேன். பார்த்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

உரிமமும் ஹலால் சான்றிதழும் நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன. வணிகச் சின்னம் அப்பாவின் சொந்தப் பெயரில். நிறுவனம் பதிவாவதற்கு முந்தைய தனிக்கடைக் காலத்தில் எடுத்தது, அதன் பிறகு புதுப்பித்ததும் அவர் பெயரிலேயே. ஆலை நிலம் நிறுவனத்துடையது. இரண்டாவது கிடங்கு சித்தப்பாவின் நிலத்தில் நிற்கிறது. அதற்கு வாடகை ஒப்பந்தம் கிடையாது. சித்தப்பாவின் வங்கிக் கடன் தவணையை நிறுவனம் மாதா மாதம் கட்டுகிறது, அதைத்தான் நாங்கள் வாடகை என்று சொல்லிக்கொள்கிறோம். ஆலையின் பின்புறத்தில் 2015-இல் இழுத்த தகரக் கொட்டகைக்கு அங்கீகரித்த வரைபடம் எதையும் காணோம்.

"இயக்குநருக்குக் கொடுத்தது" என்ற பேரேட்டுப் பக்கத்தில் பாட்டியின் மருத்துவச் செலவு, தம்பியின் மெல்பர்ன் கல்லூரிக் கட்டணம், கோயில் கும்பாபிஷேக நன்கொடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எதுவும் தப்பான எண்ணத்தில் எழுதியதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை அந்நியர் ஒருவர் விரல் வைத்துப் படிப்பதை நினைத்தபோது, சித்தப்பா அன்று கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வழக்கறிஞர்

இப்படி வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. இந்தப் பட்டியலில் எனக்குப் புதிது எதுவும் இல்லை. குடும்ப நிறுவனங்களில் பெயர்களை மாற்றினால் கோப்பு ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

சின்னத்தை அப்பா நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்து, அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் நிறுவனத்தின் மதிப்பில் பெரும்பகுதி அந்தச் சின்னத்தில்தான் இருக்கிறது என்பதால், அது ஒருவரின் சொந்தச் சொத்தாக இருக்கும் நிலையில் எந்த ஸ்பான்சரும் முன்னே நகர மாட்டார். எவ்வளவு விலைக்கு எழுதிக்கொடுப்பது என்பதில் சித்தப்பாவுக்கும் ஒரு கருத்து இருக்கும். அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நிறம் நிறமான அட்டவணை தொடங்கும் முன்.

கிடங்கு வாடகை என்பது தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனை, அதாவது நிறுவனம் தன் பங்குதாரரோடு செய்யும் கொடுக்கல் வாங்கல். அப்படி ஒன்று இருப்பது குற்றமில்லை. சந்தையில் பிறருக்குக் கொடுக்கும் விலையில், எழுத்து ஒப்பந்தத்தோடு, முத்திரைத் தீர்வை கட்டி நடக்க வேண்டும். அது அப்படித்தான் நடக்கிறது என்பதைத் தணிக்கைக் குழு பார்க்க வேண்டும். தவணை கட்டுவதை வாடகை என்று சொல்வது நிற்காது. இயக்குநர் பெயரில் நிற்கும் பாக்கித் தொகை முழுவதும் விண்ணப்பத்துக்கு முன் தீர்ந்திருக்க வேண்டும். இலாப ஈவு அறிவித்து அதில் நேர்செய்வது வழக்கமான வழி. அதையும் புரோஸ்பெக்டஸில் சொல்லியாக வேண்டும்.

இப்போது தகரக் கொட்டகை. சிரிக்காதீர்கள், நான் பார்த்த பட்டியல் வேலைகளில் அதிக நாள் தின்றது கணக்கு இல்லை, கொட்டகைதான். கட்டட நிறைவுச் சான்றிதழ் இல்லாத கட்டடத்தில் உற்பத்தி நடக்கிறது என்றால் அதை முதலீட்டாளருக்குச் சொல்ல வேண்டும், அதைச் சரிசெய்யும் திட்டத்தையும் சொல்ல வேண்டும். வரைபடம் போட ஆர்க்கிடெக்ட், பிறகு ஊராட்சி மன்றம், பிறகு தீயணைப்புத் துறை என்று வரிசையாகப் போகும். ஒரு கோப்பில் கொட்டகை எல்லைக் கோட்டிலிருந்து விட வேண்டிய இடைவெளிக்குள் இரண்டு அடி நீண்டிருந்தது. இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். அதுவரை அங்கே இருந்த பொட்டலமிடும் இயந்திரங்களுக்கு வாடகை இடம் பிடிக்க வேண்டியிருந்தது. உங்கள் செபராங் பிறை மாநகராட்சியில் இந்த வாரமே கேட்கத் தொடங்குங்கள்.

அந்நியத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் தங்குமிடத்துக்கும் சான்றிதழ் வேண்டும்; 2019-இல் திருத்திய 446-ஆம் சட்டம் அதைக் கேட்கிறது. லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்துக்காக யாராவது லஞ்சம் கொடுத்தால், போதுமான தடுப்பு ஏற்பாடுகள் இருந்தன என்று நீங்கள் நிரூபிக்காவிட்டால் நிறுவனமும் இயக்குநர்களும் சேர்ந்து மாட்டுவார்கள். துறைமுகத்தில் சரக்கை விரைவாக எடுக்க முகவர் எழுதும் "இதர செலவு" ரசீதுகளை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, சரிபார்ப்புக் கூட்டங்கள். புரோஸ்பெக்டஸின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஆதாரத்தின் எண் இருக்கும். ஓர் உணவு நிறுவனத்தின் கூட்டத்தில், "வட மாநிலங்களில் முன்னணி" என்ற சொற்களுக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நிறுவனர் மேசையைத் தட்டி, "கெடாவில் எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்!" என்றார். சந்தை ஆய்வாளரிடம் அதற்கு எண் இல்லை. கடைசியில் "வட மாநிலங்களில் விற்பனை செய்யும்" என்று அச்சாயிற்று. அவர் பல நாள் அந்த வருத்தத்தில் இருந்தார். தவறான அல்லது ஏமாற்றும் தகவலோடு புரோஸ்பெக்டஸ் வெளியானால் 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டத்தின்படி பத்தாண்டு வரை சிறையும் மூன்று மில்லியன் ரிங்கிட் வரை அபராதமும் உண்டு என்பதால், அந்த முக்கால் மணி நேரம் எனக்கு அதிகமாகப் படவில்லை.

சில்லறை முதலீட்டாளர் (செந்தூல்)

நான் நிபுணர் இல்லை, வாங்குகிறவன். எந்தப் புரோஸ்பெக்டஸ் வந்தாலும் முதலில் பார்ப்பது இரண்டு இடங்களைத்தான். புதிய பங்கு எவ்வளவு, பழைய பங்குதாரர் தன் பங்கை விற்பது எவ்வளவு என்பது ஒன்று. திரட்டும் பணம் எதற்கு என்பது இன்னொன்று. குடும்பம் விற்கும் பங்கின் பணம் குடும்பத்துக்குப் போகும், நிறுவனத்துக்கு ஒரு சென்னும் வராது. மீதியும் வங்கிக் கடனை அடைப்பதற்கும் "நடைமுறை மூலதனத்துக்கும்" என்று போட்டிருந்தால் பக்கத்தை மூடிவிடுவேன். புதிய ஆலை, எந்த இடத்தில், எத்தனை டன் என்று இருந்தால் தொடர்ந்து படிப்பேன்.

முன்னாள் நிதி அதிகாரி (பாயான் லெப்பாஸ்)

இங்கே எல்லோரும் எப்படிப் போவது என்று சொல்கிறார்கள். ஏன் போக வேண்டும் என்று நான் கேட்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தைப் பட்டியலிட்ட குழுவில் இருந்தேன். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தேன்.

2024-இல் மட்டும் புர்சாவில் 55 நிறுவனங்கள் புதிதாகப் பட்டியலில் ஏறின. அதில் பெரும்பாலானவை ஏஸ் சந்தை. கிள்ளானில் 1987-இல் ஒரு மளிகைக் கடையாகத் தொடங்கிய 99 ஸ்பீட் மார்ட் அதே ஆண்டு செப்டம்பரில் மெயின் மார்க்கெட்டுக்கு வந்து 2.36 பில்லியன் ரிங்கிட் திரட்டியது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒவ்வோர் ஊரிலும் முதலாளிமார் உற்சாகமாகிறார்கள். இங்கே பினாங்கில் 2000-இல் தொடங்கி 2005-இலேயே பட்டியலுக்கு வந்த விட்ரோக்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்; எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. அந்த நிறுவனங்களுக்குப் பணத்தை எங்கே போடுவது என்று தெரிந்திருந்தது. உங்களுக்குத் தெரியுமா, சகோதரி?

செலவைச் சொல்கிறேன். ஏஸ் சந்தைப் புரோஸ்பெக்டஸ்களில் பட்டியல் செலவு என்று ஒரு வரி இருக்கும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மில்லியன் ரிங்கிட். உங்கள் ஓராண்டு இலாபம் அது. இந்தத் தொகையில் ஒரு பகுதி, பட்டியல் நடக்காமல் போனாலும் திரும்பாது.

பிறகு அன்றாடம். ஒவ்வொரு காலாண்டும் முடிந்த இரண்டு மாதத்துக்குள் கணக்கு வெளியாக வேண்டும். தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு நான்கு மாதத்துக்குள். இப்போது நீங்கள் மாதக் கணக்கை எத்தனாம் தேதி மூடுகிறீர்கள்? பட்டியலுக்கு முன் ஓராண்டாவது, மாதம் முடிந்த பதினைந்து நாளுக்குள் மூடிப் பழகியிருக்க வேண்டும். முதல் காலாண்டில் எங்கள் முதலாளி கைப்பேசியில் பங்கு விலையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டை மறந்தார். மூன்றாவது காலாண்டில் விலை வெளியீட்டு விலைக்குக் கீழே போனபோது, அவருடைய மைத்துனர் குடும்ப விருந்தில் எல்லோர் முன்னிலையிலும், "உங்களை நம்பித்தானே வாங்கினேன்" என்று கேட்டார். அதற்கு எந்த ஆலோசகரும் எங்களைத் தயார் செய்யவில்லை.

உடனே விற்றுப் பணமாக்கலாம் என்றும் அப்பா நினைக்க வேண்டாம். ஏஸ் சந்தையில் நிறுவனர்கள் முதல் ஆறு மாதம் ஒரு பங்கையும் விற்க முடியாது. அடுத்த ஆறு மாதமும் மொத்தப் பங்குகளில் 45 சதவீதம் தடையில் இருக்கும். அதன் பிறகும் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குதான் விடுவிப்பார்கள். பங்குகளில் 25 சதவீதம் பொதுமக்கள் கையில், குறைந்தது 200 பேரிடம் இருக்க வேண்டும். மெயின் மார்க்கெட் என்றால் அந்த எண்ணிக்கை 1,000; பூமிபுத்ரா (மலாய்க்காரர், பிற பூர்வகுடியினர்) முதலீட்டாளர்களுக்கு 12.5 சதவீத ஒதுக்கீடும் பட்டியலிடும்போதே வேண்டும். ஏஸ் நிறுவனத்துக்கு அது பிற்பாடு வரும், தப்பாது. ஆலையை விரிவுபடுத்த இருபது மில்லியன்தான் தேவை என்றால் வங்கிக் கடன் இதைவிட மலிவு.

பழைய தணிக்கையாளர்

நண்பர் சொன்ன எண்கள் எல்லாம் சரி. முடிவோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. கடன் மலிவுதான். ஆனால் சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் இரண்டு சகோதரர்களும் அறுபதைத் தாண்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் போன பிறகு அவருடைய பிள்ளைகளில் ஒருவருக்குப் பணம் வேண்டும், இன்னொருவருக்கு ஆலை வேண்டும் என்றால், பட்டியலிடாத பங்குக்கு விலை சொல்வது யார்? அந்த வழக்குகளில் கணக்குச் சாட்சியாக நின்றிருக்கிறேன். வங்கிக் கடன் அதைத் தீர்க்காது.

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் ஜார்ஜ்டவுன் பினாங்கு வீதியிலும் இருந்த செட்டியார் கிட்டங்கிகளை (வட்டித் தொழில் நடந்த கூடங்களை) இளையவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டியடிகள் (பெட்டி வைத்துக் கணக்குப் பார்க்கும் இடங்கள்), ஒவ்வொன்றும் தனித்தனி மார்க்கா, அதாவது தனி வியாபாரப் பெயர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார்; ஏஜெண்டு இங்கே நடத்துவார்; கணக்கு மாதா மாதம் கப்பலில் ஊருக்குப் போகும். அண்ணன் தம்பி ஆனாலும் பேரேட்டில் பற்று வரவு தனித்தனிதான். எழுதாத சலுகை அங்கே கிடையாது. வீட்டுக் கணக்கை ஊருக்குக் காட்டுவதா என்ற சித்தப்பாவின் கேள்விக்கு என் பதில் இது: ஊருக்குக் காட்டுவது வீட்டுக் கணக்காக இருக்கும் வரைதான் கூச்சம். வீட்டுக் கணக்கைப் பிரித்து வெளியே எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆலைக் கணக்கு. அதைக் காட்ட என்ன?

அந்தப் பிரிப்பு வேலைக்கு வங்கியின் ஒப்பந்தம் தேவையில்லை. பட்டியலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் செய்யலாம். இரண்டு ஆண்டு சுத்தமான கணக்கு கையில் இருக்கும்போது ஸ்பான்சரோடு பேசினால் பேரம் உங்கள் பக்கம் இருக்கும். 2024 மார்ச் முதல் பட்டியல் விண்ணப்பங்களை மூன்று மாதத்துக்குள் தீர்க்கிறார்கள், ஆகவே காத்திருப்பதால் பின்னால் கதவு அடைபடும் என்ற அச்சமும் வேண்டாம்.

செயலாளர் அம்மா

ஒரு சிறு சேர்க்கை. உங்கள் விற்றுமுதல் அளவுக்கு 2025 ஜனவரியிலிருந்தே மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயம். ஆகவே கடைகளுக்கான விற்பனையை ஒழுங்காகப் பதிவு செய்யும் வேலை எப்படியும் தலையில் விழுந்துவிட்டது. சரக்கு ஏட்டையும் அதோடு சேர்த்து ஒரே மென்பொருளில் இணைத்துவிடுங்கள். இரண்டு முறை ஆளை அழைத்து இரண்டு முறை பணம் கட்ட வேண்டாம்.

ஆலைக்காரர் மகள்

நான்கு மாதம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பட்டியல் வேலைக்கு அந்த முதலீட்டு வங்கியை அமர்த்தும் ஆணைக் கடிதத்தில் கையெழுத்திடவில்லை. அப்பாவுக்கு இரண்டு வாரம் என்மேல் கோபம். நிதி அதிகாரி ஐயாவின் கேள்வியை அவரிடம் அப்படியே கேட்டேன்: பணம் வந்தால் எங்கே போடுவோம்? பத்து காவானில் நிலம் என்றார். எத்தனை ஏக்கர், எந்த இயந்திரம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இப்போது அதற்காக ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறார், தன் கையால்.

தணிக்கை நிறுவனத்தை மாற்றிவிட்டோம். பழைய நண்பரிடம் அப்பாவே நேரில் போய்ச் சொன்னார். புதியவர்கள் ஆண்டு முடிவுக் கணக்கெடுப்புக்கு வந்தபோது நான் முந்திக்கொண்டு சாக்குகளைத் தராசில் ஏற்றச் சொன்னேன். குறைவு இருந்தது, எழுதிவிட்டோம். கொட்டகையின் வரைபடம் இன்னும் ஆர்க்கிடெக்டிடம்தான் இருக்கிறது. சின்னம் மாற்றும் பத்திரம் தயாராக இருக்கிறது. தொகை குறித்து அப்பாவும் சித்தப்பாவும் ஓர் எண்ணுக்கு வந்துவிட்டார்கள், அது எப்படி நடந்தது என்று எனக்கே தெரியாது, இருவரும் ஒருநாள் காலை நாசி கண்டார் சாப்பிடப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

கிடங்கு வாடகை ஒப்பந்தத்தை நான்தான் சித்தப்பா வீட்டுக்கு எடுத்துப் போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதினொரு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். நிறுவனம் மூன்று மாத முன்னறிவிப்போடு கிடங்கைக் காலி செய்யலாம் என்ற வரியில் விரல் நின்றது.

"அப்படியென்றால் உன் அப்பா என்னை வேண்டாம் என்று சொல்லலாமா?"

"நீங்களும் வாடகையை உயர்த்திக் கேட்கலாம், சித்தப்பா. அடுத்த பக்கத்தில் இருக்கிறது."

பக்கத்தைப் புரட்டி அதையும் படித்தார். பிறகு சித்தியைக் கூப்பிட்டுப் பேனா கேட்டார்.